வாகனப் பாதுகாப்புச் சாதனங்களும் எதிர்வுகூறலும்: ஒரு வரலாற்று நோக்கு

1896 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17 ஆம் திகதி, இலண்டன் மாநகரின் கிறிஸ்டல் மாளிகைத் திடலில், பிரிட்ஜெற் டிரிஸ்கொல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டியொன்றினால் மோதுண்டு உயிர் நீத்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியினால் இறந்த முதற் பாதசாரி அவரே எனக் கொள்வது வழக்கு. மரண விசாரணையை நடத்திய அதிகாரி, இத்தகையதொரு நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதிருக்குமெனத் தாம் நம்புவதாகக் கூறினாரென்றும் சொல்லப்படுவதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் வீதி விபத்துகளில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரமாகும். அவ்வதிகாரியின் நம்பிக்கை எத்துணை பொய்த்தது என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை.

அவர் கூறியது நம்பிக்கை, எதிர்வுகூறல் அன்று. நம்பிக்கைக்குக் கணக்கு வேண்டியதில்லை. எதிர்வுகூறலுக்கோ கணக்கும், அக்கணக்கினைப் பின்னொரு நாள் சரிபார்க்கும் துணிவும் வேண்டும். ஒரு பாதுகாப்புச் சாதனத்தை வாகனத்தில் பொருத்தினால் எத்தனை மோதல்கள் தவிர்க்கப்படும், எத்தனை உயிர்கள் காக்கப்படும் என முன்கூட்டியே கணிக்கும் முயற்சி கடந்த முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. அம்முயற்சி எவ்வாறு தோன்றியது, எங்கெங்கே பிழைத்தது, அப்பிழைகள் நமக்கு உணர்த்துவன யாவை என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்மீட் கண்ட விதி

வீதி மரணங்களைப் புள்ளிவிபரவியல் நோக்கில் ஆராய்ந்த முன்னோடிகளுள் பிரித்தானியரான ஆர். ஜே. ஸ்மீட் குறிப்பிடத்தக்கவர். 1938 ஆம் ஆண்டுக்குரிய இருபது நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து, 1949 ஆம் ஆண்டில் அவர் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். ஒரு நாட்டின் மக்கட்டொகையும் வாகனத் தொகையும் தெரிந்தால், அந்நாட்டில் ஓராண்டில் வீதியில் இறப்போர் தொகையை ஏறத்தாழக் கணித்துவிடலாம் என்பது அதன் சாரம். வாகனங்கள் பெருகப் பெருக மொத்த மரணங்கள் பெருகும். ஆயின் ஒரு வாகனத்துக்குரிய மரண விகிதம் குறைந்து செல்லும். மக்கள் வாகனத்துடன் வாழப் பழகிக்கொள்வதே இதற்குக் காரணமென விளக்கமும் கூறப்பட்டது.

இச்சூத்திரம் ஒருவகையில் வியப்புக்குரியது, இன்னொருவகையில் அச்சந்தருவது. சாலை அமைப்பும் சட்டமும் வாகன வடிவும் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருக்க, மரணம் மட்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறதெனின், மனித முயற்சியால் ஆவது யாது என்ற வினா எழுவது இயல்பே. இதற்கான விடையைப் பிற்கால வரலாறே தந்தது. பெரிய பிரித்தானியாவில் 1966 ஆம் ஆண்டில் 7,985 பேர் வீதியில் இறந்தனர். சமாதான காலத்தில் அந்நாடு கண்ட மிகவுயர்ந்த தொகை இதுவாகும். 2019 ஆம் ஆண்டில், வாகனங்கள் பன்மடங்கு பெருகியிருந்த நிலையிலும், அத்தொகை 1,752 ஆகக் குறைந்திருந்தது. விதியெனத் தோன்றியது, உண்மையில் ஒரு காலகட்டத்தின் பதிவேயன்றி வேறன்று. இம்மாற்றத்துக்குக் காரணம் பலவெனினும், அவற்றுள் வாகனத்தின் அமைப்பிலேயே ஏற்பட்ட மாற்றம் முதன்மையானவற்றுள் ஒன்றாகும்.

உடலும் மோதலும்

விபத்தைத் தடுப்பது ஒன்று. விபத்து நேர்ந்தபின் உடலைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதற்கு உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1917 ஆம் ஆண்டில் விமானப் பயிற்சியின்போது நேர்ந்த மோதலிலிருந்து உயிர் தப்பிய ஹியூ டிஹேவன், தாம் எவ்வாறு பிழைத்தோம் என்ற வினாவை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றிக்கொண்டார். ஐம்பது அடி தொடக்கம் நூற்றைம்பது அடி வரை உயரத்திலிருந்து வீழ்ந்தும் பிழைத்தோரை ஆராய்ந்து 1942 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை, மனித உடல் நாம் எண்ணுவதிலும் வலியது என்பதை நிலைநாட்டியது. விசை உடலின் பரந்த பகுதிமீது, சற்று நீண்ட நேரத்துக்குப் பகிரப்படுமாயின் உடல் தாங்கும். ஒரு புள்ளியிற் குவியுமாயின் தாங்காது. ஆசனப்பட்டிக்கும் காற்றுப்பைக்கும் அடிப்படையாய் அமைந்த கருத்து இதுவே.

1954 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10 ஆம் திகதி, அமெரிக்க விமானப்படை மருத்துவரான ஜோன் போல் ஸ்டாப், நியூ மெக்சிக்கோவில் ரொக்கெற் பொருத்திய சறுக்குவண்டியொன்றில் மணிக்கு 632 மைல் வேகத்தில் விரைந்து, சில கணங்களில் நிறுத்தப்பட்டார். உரிய பட்டிகளாற் பிணைக்கப்பட்ட உடல் எத்துணை விசையைத் தாங்கும் என்பதைத் தம் உடலையே கருவியாக்கி அவர் அளந்தார்.

இவ்வறிவு சாதாரண மக்களின் காருக்குள் நுழைந்தது சுவீடனிலாகும். சாப் விமான நிறுவனத்தில் விமானிகளின் வெளியேற்ற ஆசனங்களை வடிவமைத்த நில்ஸ் பூலின், வொல்வோ நிறுவனத்திற் சேர்ந்து, 1959 ஆம் ஆண்டில் மார்பையும் இடுப்பையும் ஒருங்கே பிணைக்கும் முப்புள்ளி ஆசனப்பட்டியை அறிமுகப்படுத்தினார். அதன் காப்புரிமையைப் பிற உற்பத்தியாளரும் பயன்படுத்த வொல்வோ இடமளித்தது. 1967 ஆம் ஆண்டில் பூலின், சுவீடனில் நிகழ்ந்த 28,000 விபத்துகளின் ஆய்வினை வெளியிட்டார். பட்டி அணியாதோர் எல்லா வேகங்களிலும் இறந்திருக்க, அணிந்தோருள் மணிக்கு 60 மைலுக்குக் குறைந்த வேகத்தில் மோதிய எவரும் இறக்கவில்லை என்பது அதன் முடிவு.

கணக்கின் உறுப்புகள்

அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965 ஆம் ஆண்டில் எழுதிய நூல், கார் உற்பத்தியாளரின் அலட்சியத்தைப் பொதுமக்கள் முன் வைத்தது. 1966 ஆம் ஆண்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. புதிய பாதுகாப்புப் பணியகத்தின் முதற் தலைவராக மருத்துவரான வில்லியம் ஹடன் நியமிக்கப்பட்டார். விபத்தினை ஒரு நோயைப்போல் நோக்கி, மோதலுக்கு முன், மோதும்போது, மோதியபின் என மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர், வாகனம், சூழல் ஆகியவற்றில் என்ன செய்யலாம் என அவர் வினவினார். எதிர்வுகூறலுக்கான சட்டகம் இங்கேதான் உருப்பெற்றது எனலாம்.

ஒரு சாதனத்தின் பயனைக் கணிப்பதற்கு நான்கு எண்கள் வேண்டும். அச்சாதனம் தொடர்புபடும் வகையான விபத்துகள் எத்தனை? அவற்றுள் எப்பங்கினை அது தடுக்கும்? ஓடும் வாகனங்களுள் எப்பங்கு அதனைக் கொண்டிருக்கும்? கொண்டிருப்போருள் எத்தனை பேர் அதனைப் பயன்படுத்துவர்? உதாரணமாக, ஒரு நாட்டில் 1,000 மரணங்கள் நிகழ்கின்றன எனக் கற்பனை செய்வோம். அவற்றுள் 600 மரணங்கள் சாதனம் தொடர்புபடும் வகையின. சாதனம் பாதியைத் தடுக்க வல்லது, எனவே 300. ஆயின் பாதி வாகனங்களிலேயே அது உண்டு, எனவே 150. அவ்வாகனங்களில் செல்வோருள் ஐந்தில் நால்வரே அதனைப் பயன்படுத்துவர், எனவே 120. ஆயிரத்திற் பாதி எனத் தொடங்கிய எதிர்பார்ப்பு நூற்றிருபதில் வந்து முடிகிறது. சாதனம் பழுதுடையது என்பதனாலன்று இக்குறைவு. கணக்கின் ஒவ்வோர் உறுப்பும் ஒன்றையொன்று பெருக்கி நிற்பதனாலேயாம்.

இன்னொன்றும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இரண்டு சாதனங்களின் பயன்களைக் கூட்டிவிடல் ஆகாது. நூறு மரணங்களில் முதற் சாதனம் 40 ஐயும் இரண்டாவது 30 ஐயும் தனித்தனியே தடுக்குமெனின், இரண்டும் சேர்ந்து 70 ஐத் தடுத்துவிடா. முதலாவது காத்தபின் எஞ்சிய 60 பேருள் நூற்றுக்கு 30 வீதமான 18 பேரையே இரண்டாவது காக்கும். ஆகவே மொத்தம் 58. ஒருமுறை காக்கப்பட்டவரை மறுமுறையும் காக்கப்பட்டவராக எண்ணும் பிழை இத்துறையில் எளிதில் நேர்வதாகும்.

பட்டியும் மனிதரும்

அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் 1970 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆசனப்பட்டி அணிதலைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. உலகில் இதுவே முதலாவது. அவ்வாண்டில் அங்கு இறந்தோர் 1,061 பேர். மறு ஆண்டிலேயே தொகை குறைந்தது. அவ்வுச்சத்தை அம்மாநிலம் பின்னர் ஒருபோதும் எட்டவில்லை. அமெரிக்காவோ சட்டத்தை விடுத்து இயந்திரத்தை நாடியது. பட்டி அணிந்தாலன்றிக் கார் இயங்காதவாறு 1974 ஆம் ஆண்டின் புதிய கார்களில் பூட்டமைப்பொன்று பொருத்தப்பட்டது. மக்களின் சினம் அத்துணை பெரிதாயிருந்தமையால், அவ்வாண்டு ஒக்டோபரிலேயே காங்கிரஸ் அந்நிபந்தனையைத் தடைசெய்தது. பொறியியலாளரின் கணக்கில் மக்களின் பொறுமை ஓர் உறுப்பாக இடம்பெற்றிருக்கவில்லை.

1975 ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சாம் பெல்ற்ஸ்மன் கடுமையானதொரு கருத்தை முன்வைத்தார். பாதுகாப்பு மிகுந்த காரில் இருக்கும் சாரதி துணிந்து ஓட்டுகிறார். எனவே காருக்குள் காக்கப்படும் உயிர்களுக்கு ஈடாக வெளியே பாதசாரிகள் இறக்கின்றனர். ஈற்றில் சட்டத்தாற் பயனில்லை என்பது அவர் வாதம். பின்வந்த ஆய்வாளர் பலர், தரவுகளைத் தெரியும் முறையையும் கணித மாதிரியையும் மாற்றினால் அம்முடிவு நிலைப்பதில்லை எனக் காட்டினர். ஆயினும் அவர் எழுப்பிய வினா அழியவில்லை. சாதனம் மாறும்போது மனிதர் மாறாதிருப்பர் எனக் கொள்வது சரியா என்பதே அவ்வினா.

பிரித்தானியாவில் இவ்வினா நேருக்கு நேர் சோதிக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு ஆயிரம் உயிர்கள் காக்கப்படுமெனச் சட்டத்தின் ஆதரவாளர் கூறினர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் புவியியலாளர் ஜோன் அடம்ஸ், ஏனைய நாடுகளின் அனுபவம் இதற்குச் சான்றாகாதென மறுத்தார். 1983 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்ததும், நூற்றுக்கு 40 அளவிலிருந்த அணிவோர் வீதம் 95 ஐ எட்டியது. புள்ளிவிபரவியலாளரான ஹாவேயும் டேர்பினும் 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கார்ச் சாரதிகளின் மரணம் நூற்றுக்கு 18 வீதமும், முன்னிருக்கைப் பயணிகளின் மரணம் 25 வீதமும் குறைந்தன எனக் கண்டது. பின்னிருக்கையினர், பாதசாரிகள் ஆகியோரிடையே மரணங்கள் சற்று உயர்ந்திருந்தமையையும் அவர்கள் மறைக்காது பதிவு செய்தனர். காக்கப்பட்டோர் ஆண்டுக்குச் சில நூற்றுவர். ஆயிரமும் அன்று, பூச்சியமும் அன்று.

ஆயிரம் ஏன் சில நூறாயிற்று? தாமாகவே விரும்பிப் பட்டி அணிவோர் இயல்பிலேயே நிதானமுடையோர். அணிய மறுப்போருள் மதுவருந்தி ஓட்டுவோரும் மிகுவேகத்தினரும் அதிகம். எனவே அணிந்தோரையும் அணியாதோரையும் வெறுமனே ஒப்பிடின், மனிதரின் வேறுபாடும் பட்டியின் பயனாகக் கணக்கில் ஏறிவிடும். சட்டத்துக்குப் பின்னும் அணியாது எஞ்சிய சிறுபான்மையினரே பெரிய விபத்துகளுக்கு அதிகம் ஆளாகின்றனர். இச்சிக்கலைத் தீர்க்க லியோனாட் எவன்ஸ் என்பார் 1986 ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தார். ஒரே காரில் ஒரே மோதலுக்குள்ளான சாரதியையும் பயணியையும் இணையாகக் கொண்டு, இருவருள் ஒருவரோ இருவருமோ பட்டி அணிந்த நிலைகளைத் தம்முள் ஒப்பிடுவது அம்முறை. மோதல் இருவருக்கும் பொதுவாதலின் அதன் கடுமை கணக்கிலிருந்து நீங்கிவிடும். இவ்வாறு பெறப்பட்ட பயனளவு நூற்றுக்கு 40 க்குச் சற்று மேற்பட்டதாகும். ஆரம்ப கால ஆய்வுகள் காட்டியதிலும் இது குறைவே. ஆயின் இன்றுவரை நிலைத்து நிற்கும் எண் இதுவே.

காற்றுப்பையின் கதை

எதிர்வுகூறலின் வல்லமையையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டுவது காற்றுப்பையின் வரலாறாகும். பட்டி அணியுமாறு மக்களை இணங்குவித்தல் இயலாதெனின், அவர்தம் இணக்கத்தை வேண்டாத சாதனமே சிறந்ததென அமெரிக்க அரசு கருதியது. காற்றுப்பை, அன்றேல் தானாகப் பிணைக்கும் பட்டி ஆகியவற்றை எல்லாக் கார்களிலும் பொருத்துவதற்கு 1977 ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டபோது, அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 மரணங்களும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கடுங்காயங்களும் தவிர்க்கப்படும் என மதிப்பிடப்பட்டது. 1981 ஆம் ஆண்டில் புதிய அரசாங்கம் அவ்விதியை நீக்கியது. உற்பத்தியாளர் காற்றுப்பையை விடுத்து, நூற்றுக்கு 99 கார்களில் எளிதிற் கழற்றக்கூடிய பட்டிகளையே பொருத்தவிருந்தனர். மக்கள் அவற்றைக் கழற்றிவிடுவர். எனவே பயன் ஐயத்துக்குரியது என்பது கூறப்பட்ட காரணம். 1983 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்நீக்கத்தைத் தக்க நியாயமற்றதெனத் தள்ளியது. கழற்றக்கூடிய பட்டி பயனற்றதெனின், காற்றுப்பையை ஏன் கட்டாயமாக்கவில்லை என்பதை அரசு விளக்கவேயில்லை என நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஓர் எதிர்வுகூறலின் தருக்கம் நாட்டின் அதியுயர் மன்றத்தில் விசாரணைக்குள்ளாகிய அரிய நிகழ்ச்சி இதுவாகும்.

1984 ஆம் ஆண்டில் போக்குவரத்துச் செயலாளர் எலிசபெத் டோல் வெளியிட்ட விதியில் ஒரு நிபந்தனை இருந்தது. நாட்டு மக்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் மாநிலங்கள் பட்டி அணிதலைச் சட்டமாக்கினால், தானியங்கு சாதனம் வேண்டப்படமாட்டாது. காற்றுப்பையைத் தவிர்க்க விரும்பிய உற்பத்தியாளரே பட்டிச் சட்டங்களுக்கு ஆதரவு திரட்டினர். மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் இயற்றின. 1983 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 14 ஆக இருந்த அணிவோர் வீதம், 2017 ஆம் ஆண்டளவில் 90 ஐ அண்மித்தது. காற்றுப்பையும் வந்தது, 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது 1998 ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் அனைத்திலும் கட்டாயமாயிற்று. 2017 ஆம் ஆண்டில் பட்டி காத்த உயிர்கள் 14,955 எனவும், முன்புறக் காற்றுப்பை காத்தவை 2,790 எனவும் அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது.

பன்னீராயிரம் எங்கே, இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு எங்கே என வினவலாம். மக்கள் பட்டி அணியமாட்டார் என்ற எடுகோளின்மீதே 1977 ஆம் ஆண்டின் கணக்கு கட்டப்பட்டிருந்தது. அக்கணக்கினால் எழுந்த விதியும், அவ்விதிக்கு எதிரான முயற்சியுமே மக்களைப் பட்டி அணியச் செய்தன. கோள்களின் இயக்கத்தைக் கணிக்கும் வானியலாளரின் சொல் கோள்களை மாற்றுவதில்லை. சமுதாயத்தைப் பற்றிய எதிர்வுகூறலோ, தான் எதிர்வுகூறிய சமுதாயத்தையே மாற்றிவிடும் இயல்புடையது.

இக்கதையின் துயரமான பகுதியையும் கூறாது விடலாகாது. பட்டி அணியாத வளர்ந்த ஆணின் உருவப் பொம்மையை மணிக்கு 30 மைல் வேக மோதலிற் காப்பதே சோதனையின் நிபந்தனையாக இருந்தது. அதனை நிறைவேற்றக் காற்றுப்பை பெருவிசையுடன் விரிய வேண்டியிருந்தது. அவ்விசை, பைக்கு அண்மையில் இருந்த சிறுவர்களையும் உருவிற் சிறிய பெண்களையும் கொன்றது. குறைந்த வேக மோதல்களில் காற்றுப்பை விரிந்தமையால் 1990 ஆம் ஆண்டு தொடக்கம் 2008 ஆம் ஆண்டு வரை 290 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 1998 ஆம் ஆண்டுக்கு முந்திய கார்களில் இருந்தோர். 1997 ஆம் ஆண்டில் விசை குறைந்த பைகளுக்கு அனுமதி வழங்கப்பட்டதும் இம்மரணங்கள் அருகின. சராசரி மனிதரைக் கொண்டு செய்த கணக்கில், சராசரியல்லாதோர் விலை கொடுத்தனர். 2017 ஆம் ஆண்டு வரை காற்றுப்பையாற் காக்கப்பட்டோர் 50,457 பேர் என்பது உண்மையே. ஆயினும் அவ்வெண் இந்த 290 ஐ அழித்துவிடாது.

மூன்றாவது விளக்கு

1970 களில் ஜோன் வொயெவொட்ஸ்கி என்ற உளவியலாளர், சான் பிரான்சிஸ்கோ நகரின் வாடகைக் கார்கள் சிலவற்றின் பின்புறத்தில் வேகக்குறைவை அறிவிக்கும் விளக்கொன்றைப் பொருத்தி ஆராய்ந்தார். அக்கார்களின் பின்னே வந்து மோதும் விபத்துகள் நூற்றுக்கு 60 வீதமளவில் குறைந்தன. பின்பு வேறு வாடகைக் கார்களிலும் நிறுவன வாகனங்களிலும், உயரத்தில் நடுவே பொருத்திய பிரேக் விளக்கினைக் கொண்டு நிகழ்ந்த பரிசோதனைகளும், முன்வாகனம் பிரேக் பிடித்த விபத்துகளில் ஏறத்தாழப் பாதி குறைந்ததாகக் காட்டின. ஒழுங்கான கட்டுப்பாட்டுக் குழுக்களுடன் செய்யப்பட்ட பரிசோதனைகள் இவை. இவற்றின் அடிப்படையில் 1986 ஆம் ஆண்டு மாதிரி தொடக்கம் எல்லாக் கார்களிலும் அவ்விளக்கு கட்டாயமாக்கப்பட்டது.

1998 ஆம் ஆண்டில் சாள்ஸ் கஹானேயும் எலன் ஹேட்ஸும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1987 ஆம் ஆண்டில் அதன் பயன் நூற்றுக்கு 8.5 வீதம், பின்பு அது படிப்படியாகக் குறைந்து 4.3 வீதத்தில் நிலைகொண்டது. பரிசோதனையில் எவரும் பொய்யுரைக்கவில்லை. ஆயிரம் கார்களுள் ஒன்றில் மட்டும் ஒளிரும் புதிய விளக்கு கண்ணைக் கவர்கிறது. எல்லாக் கார்களிலும் ஒளிரும் விளக்கு காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பரிசோதனை அளந்தது விளக்கின் பயனை மட்டுமன்று, அதன் புதுமையையுந்தான். எனினும் இவ்விளக்கின் விலை மிகச் சிறிது. எனவே நூற்றுக்கு நான்கு வீதமும் செலவினும் மிக்க பயனே. பத்திலொரு பங்காகச் சுருங்கிய பின்னும் ஒரு சாதனம் பொருத்தத் தக்கதாக இருத்தல் கூடும் என்பது இங்கே பெறப்படும் பாடம்.

பொய்த்ததும் மெய்த்ததும்

சில்லுகள் இறுகி நின்றுவிடாது காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் முறை, சோதனைத் தடங்களிற் சிறந்த பெறுபேறுகளைக் காட்டியது. ஆயின் ஜேர்மனியின் மியூனிக் நகரில் 1980 களில் வாடகைக் கார்களிடையே நிகழ்ந்த ஆய்வில், அதனைக் கொண்ட கார்களுக்கும் கொள்ளாத கார்களுக்கும் விபத்துத் தொகையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதனைக் கொண்ட சாரதிகள் சற்று முரட்டுத்தனமாக ஓட்டியதாகவே அவதானிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த நீண்டகால மதிப்பீடும், மொத்த விபத்துகள் சற்றுக் குறைந்தபோதிலும், மரணம் விளைக்கும் விபத்துகளில் அதன் நிகரப் பயன் ஏறத்தாழப் பூச்சியமே எனக் கண்டது. ஈரவீதியில் முன்வாகனத்தோடு மோதுவது குறைய, தனியாக வீதியை விட்டு விலகும் விபத்துகள் அக்குறைவை ஈடுசெய்திருந்தன.

இதற்கு மாறானது 1995 ஆம் ஆண்டளவில் வெளிவந்த இலத்திரனியல் நிலைப்புக் கட்டுப்பாடு. வாகனம் சறுக்கிப் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கும் கணத்திலேயே தனித்தனிச் சில்லுகளுக்குப் பிரேக் செலுத்தி அதனை நேர்ப்படுத்துவது இம்முறை. அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, கார்களின் தனிவாகன மரண விபத்துகளை இது நூற்றுக்கு 36 வீதத்தாற் குறைத்ததாகக் கண்டது. சுவீடனிலும் பிற நாடுகளிலும் கண்ட முடிவுகளும் இதே திசையில் அமைந்தன.

ஒன்று பொய்க்க மற்றொன்று மெய்த்தது ஏன்? ஏ.பி.எஸ். முறையின் வல்லமையைச் சாரதி ஒவ்வொரு நாளும் உணர்கிறார். உணர்ந்ததைச் செலவிடவும் செய்கிறார். நிலைப்புக் கட்டுப்பாடோ பெரும்பாலான சாரதிகளுக்கு ஆண்டுக்கணக்கில் உணரப்படாமலே இருக்கும். உயிர் ஊசலாடும் கணத்தில் மட்டும் தோன்றி மறையும். அறியப்படாத உதவிக்கு ஈடாக எவரும் துணிவு கொள்வதில்லை. இவ்விளக்கம் முழுமையானதென நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் எல்லா முடிவுகளோடும் பொருந்துவது இதுவே. நிலைப்புக் கட்டுப்பாடு ஏ.பி.எஸ். முறையின் உறுப்புகள் மீதே கட்டப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. மகவு ஈட்டிய பயனைத் தாயின் கணக்கில் எழுதும் எதிர்வுகூறல் இதுவரை எதுவும் இல்லை.

நிறைவாக

கஹானே 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, 1960 ஆம் ஆண்டு தொடக்கம் 2012 ஆம் ஆண்டு வரை வாகனப் பாதுகாப்புச் சாதனங்களால் அமெரிக்காவிற் காக்கப்பட்ட உயிர்கள் 613,501. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, அதாவது 329,715, ஆசனப்பட்டி ஒன்றினாலேயே காக்கப்பட்டவை. 1960 ஆம் ஆண்டில் 115 ஆக இருந்த ஆண்டுத் தொகை 2012 ஆம் ஆண்டில் 27,621 ஆயிற்று. இந்த எண்களும் ஒருவகையில் எதிர்வுகூறல்களே. சாதனம் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற, எவரும் காணாத உலகொன்றைப் பற்றிய கணிப்பே அவற்றின் அடிப்படை. இறந்தோருக்குப் பெயரும் உறவும் கல்லறையும் உண்டு. காக்கப்பட்டோர் தாம் காக்கப்பட்டதை அறியாமலே நம்மிடையே நடமாடுகின்றனர். அவர்களுக்கெனப் பேசக்கூடியது கணக்கு ஒன்றேயாதலின், அக்கணக்கு நேர்மையாக இருத்தல் வேண்டும்.

எதிர்வுகூறல்கள் தொடர்கின்றன. தன்னியக்க அவசர பிரேக் முறையைப் பற்றி 2024 ஆம் ஆண்டில் விதி வெளியிட்ட அமெரிக்க நிர்வாகம், ஆண்டுக்குக் குறைந்தது 360 உயிர்கள் காக்கப்படுமென மதிப்பிட்டது. தன் புதிய வாகன விதிகளால் 2038 ஆம் ஆண்டளவில் 25,000 க்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்படுமென ஐரோப்பிய ஆணைக்குழு கூறியுள்ளது. இவ்வெண்கள் சரியா பிழையா என்பதைக் காட்டிலும் முதன்மையான வினா, குறித்த காலம் வந்தபின் திரும்பிச் சென்று எண்ணிப் பார்ப்போர் இருப்பரா என்பதே. மூன்றாவது விளக்கின் 4.3 வீதத்தை நாம் அறிவது, தாம் செய்த விதியைத் தாமே சோதித்துக் குறைவான எண்ணை வெளியிட்டோரின் நேர்மையாலன்றோ!

நம் நாட்டுக்கும் இதிற் செய்தியொன்று உண்டு. இலங்கையில் முன்னிருக்கையினர் ஆசனப்பட்டி அணிதல் 2011 ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கப்பட்டது. பட்டியின் பயன் நூற்றுக்கு இத்தனை என்னும் எண்ணைப் பிற நாட்டு நூல்களிலிருந்து நாம் பெற்றுக்கொள்ளலாம். மோதலின் பௌதிகம் எங்கும் ஒன்றே. ஆயின் மேலே கூறிய நான்கு எண்களுள் அது ஒன்று மட்டுமே. அது தொடர்புபடும் மரணங்கள் எத்தனை என்ற எண்ணைப் பிறர் நமக்குத் தர இயலாது. உலகில் வீதியில் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் துவிச்சக்கர வண்டியினரும் மோட்டார் சைக்கிள் செலுத்துவோருமே. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் நடைபயணமும் மலிந்த நம் வீதிகளில், கார்கள் நிறைந்த நாடொன்றின் எதிர்வுகூறலை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால், ஸ்மீடின் சூத்திரத்துக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

புள்ளிவிபரவியலும் பொறியியலும் மருத்துவமும் சமூகவியலும் ஒரே வளாகத்திற் பயிலப்படும் பல்கலைக்கழகமே இப்பணிக்கு உரிய இடமாகும். ஒரு சாதனம் வருமுன் எண்ணுதல், வந்தபின் மீண்டும் எண்ணுதல், வேறுபட்டால் ஏன் வேறுபட்டது எனக் கேட்டல் ஆகிய மூன்றுமே இவ்வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் கடமைகளாம். முதலாவதைச் செய்வோர் பலர். இரண்டாவதையும் மூன்றாவதையும் செய்ய நம்மிடையே சிலரேனும் முன்வருவாராயின், அவர்தம் உழைப்பாற் காக்கப்படப்போகும் பெயரறியா மனிதர் பலராவர்.